தேங்கிய நீரில் வாகனம்: ஆழம் அறியாத பயணத்தின் அபாயம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிறப்பதற்கு முன்பே மாட்டுங்கா லேபர் கேம்பில் மழைக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. கூரைகளின்மேல் தார்ப்பாய் விரிக்கப்படுகிறது. அரிசி மூட்டையும் துணிப்பெட்டியும் பரணுக்கு ஏறுகின்றன. வாசற்படியின் உயரத்தைச் சிலர் ஒரு செங்கல் அளவு கூட்டுகின்றனர். தலைமுறைகளாக மும்பை மழையோடு வாழ்ந்து பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இவற்றை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் வீட்டுக்குக் காட்டும் இந்த முன்யோசனையை நாம் வாகனத்துக்குக் காட்டுகிறோமா? டாக்சி, டெம்போ, ஆட்டோ, ஸ்கூட்டர் எனப் பல குடும்பங்களின் பிழைப்பு இன்று சக்கரங்களின்மேல்தான் நடக்கிறது. அவற்றுள் பல வங்கிக் கடனில் வாங்கப்பட்டவை. மழைநாளில் சாலையில் நீர் தேங்கி நிற்கும்போது, ‘முன்னால் போனவன் போய்விட்டான், நாமும் போய்விடலாம்’ என்று எடுக்கும் ஒரு நொடி முடிவு, வாகனத்தையும் சில வேளைகளில் உயிரையும் விலையாகக் கேட்டுவிடுகிறது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி நம் அனைவருக்கும் தெரியும். அது சக்கரத்துக்கும் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர் ஏன் இங்கே தேங்குகிறது?

விகார், பவய் ஏரிகளின் உபரிநீரைச் சுமந்துவரும் மித்தி ஆறு, குர்லா, பாந்திரா-குர்லா வளாகம், தாராவி ஆகியவற்றை ஒட்டி ஓடி, மாகிம் கழிமுகத்தில் அரபிக்கடலைச் சேர்கிறது. லேபர் கேம்பும் அதைச் சுற்றியுள்ள தாராவி, சயான், மாட்டுங்காப் பகுதிகளும் இந்தத் தாழ்நிலத்தை ஒட்டியே அமைந்துள்ளன. கிங் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான், தாதருக்கு அப்பால் இந்துமாதா, சாந்தாகுரூஸில் மிலன் சுரங்கப்பாதை, அந்தேரி சுரங்கப்பாதை ஆகிய பெயர்கள் ஆண்டுதோறும் மழைச்செய்திகளில் இடம்பெறுவதற்கு நிலத்தின் இந்த அமைப்பே முதற்காரணம்.

மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. அதுவும் கடல் இறங்கியிருக்கும் வேளைக்கு உரிய கணக்கு. வடிகால்களின் கொள்ளளவை மணிக்கு 50 மில்லிமீட்டராக உயர்த்தவும், நீரேற்று நிலையங்கள் அமைக்கவும் 1993ஆம் ஆண்டு அறிக்கையிலேயே திட்டம் வகுக்கப்பட்டது. அதன் பணிகள் பல கட்டங்களாக நடந்துவந்துள்ளன. இந்துமாதா, மிலன் சுரங்கப்பாதைப் பகுதிகளில் மழைநீரைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்க நிலத்தடித் தொட்டிகளும் கட்டப்பட்டுள்ளன. எனினும் பெருமழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வருமானால், வடிகால் நீர் கடலுக்குள் செல்ல வழியின்றிச் சாலைக்கே திரும்புகிறது. ஆகவே மழையின் அளவை மட்டும் பார்ப்பது போதாது. கடலேற்றம் எந்த நேரத்தில் என்பதையும் பார்க்க வேண்டும்.

2005 ஜூலை 26 கற்பித்த பாடம்

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளைத் தாராவி மறக்கவில்லை. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நாளில் நகரின் தென்முனையான கொலாபாவில் பதிவான மழையோ 75 மில்லிமீட்டருக்கும் குறைவு. தென்மும்பை அலுவலகங்களில் இருந்தவர்கள் வழக்கமான மழை என்று எண்ணியே வீடு திரும்பப் புறப்பட்டனர். வடக்கே வரவர நீர்மட்டம் உயர்ந்தது. வாகனங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. நகரில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த வெள்ளத்தில், சிலர் தம் கார்களுக்குள்ளேயே சிக்கி மாண்டனர். கதவுகளும் கண்ணாடிகளும் திறக்க முடியாமல் போனதே அவர்களுக்கு எமனாயிற்று.

நாம் நிற்கும் இடத்தில் பெய்யும் மழை, நாம் போகும் இடத்தின் நிலையைச் சொல்லாது என்பதே அன்றைய பாடம். புறப்படும் முன் விசாரிக்க வேண்டியது நம் தெருவைப் பற்றி அன்று. போகும் வழியைப் பற்றி.

இத்தகைய விபத்து அந்த ஒரு நாளோடு முடிந்துவிடவும் இல்லை. 2019 ஜூலையில் மாலாடு சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் வாகனத்தோடு சிக்கி இருவர் உயிரிழந்தனர். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் நின்ற மழைநீரில் கார் மூழ்கி, அதில் சென்ற பெண் மருத்துவர் ஒருவர் இறந்தார். 2024 செப்டம்பரில் தில்லியை அடுத்த ஃபரிதாபாத்தில், வீடு திரும்பிக்கொண்டிருந்த வங்கி மேலாளர் ஒருவரும் காசாளர் ஒருவரும் அதே வகையில் ரயில்வே சுரங்கப்பாதையில் உயிரிழந்தனர். இவர்களுள் யாரும் ஆற்றிலோ கடலிலோ இறங்கியவர் அல்லர். நாம் அன்றாடம் செல்வது போன்ற ஒரு சாலையில் சென்றவர்களே.

நீர் வாகனத்தை என்ன செய்கிறது?

முதலில் மிதத்தலைப் பார்ப்போம். நான்கு மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் அகலமும் கொண்ட சிறிய காரின் அடிப்பரப்பு ஏறத்தாழ 6.4 சதுர மீட்டர். அடித்தளத்துக்கு மேல் நீர் பத்து சென்டிமீட்டர் ஏறினால், கார் விலக்கும் நீரின் எடை சுமார் 640 கிலோ. அந்த அளவு எடையை நீர் தாங்கிக்கொள்கிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார், உள்ளே நீர் புகாத நிலையில், அடித்தளத்துக்கு மேல் 16 சென்டிமீட்டர் நீரிலேயே மிதக்கத் தொடங்கும். சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றவை. நீர் ஓடிக்கொண்டிருந்தால், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழமே சிறிய காரை நகர்த்தப் போதுமானது. 60 சென்டிமீட்டர் ஆழத்து ஓட்டம் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் சென்றுவிடும்.

இரண்டாவது, என்ஜின். காற்றையும் எரிபொருளையும் அழுத்தி இயங்குவதே என்ஜினின் வேலை. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. காற்றுக்குழாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால், மேலெழும் பிஸ்டன் அந்நீரில் மோதி நிற்கிறது. அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைகிறது, சில வேளைகளில் முறிகிறது. நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலும்போது இந்தச் சேதம் பன்மடங்காகிறது.

மூன்றாவது, கதவு. ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் அடிவிளிம்புக்கு மேல் வெளியே 60 சென்டிமீட்டர் நீர் நிற்கிறது என்று கொள்வோம். உள்ளே நீர் இல்லையெனில், அக்கதவின்மேல் வெளிநீர் செலுத்தும் விசை ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமம். வலிமையான ஒருவராலும் அதை எதிர்த்துத் திறப்பது கடினம். மின்சாரத்தால் இயங்கும் பூட்டும் கண்ணாடியும் நீர் பட்டபின் எப்போது செயலிழக்கும் என்று சொல்ல முடியாது.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத தரை. கலங்கிய நீரின் மேற்பரப்பு எங்கும் ஒரே மட்டமாகத் தெரியும். அடியில் உள்ள குழி தெரியாது. நீர் விரைவாக வடியட்டும் என்று யாரோ மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்திருக்கலாம். 2017 ஆகஸ்ட் 29 அன்று பெய்த பெருமழையில், காரைவிட்டு இறங்கி வீட்டை நோக்கி நடந்த புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர், பிரபாதேவிப் பகுதியில் திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்து உயிரிழந்ததை மும்பைவாசிகள் அறிவர். ஸ்கூட்டரின் முன்சக்கரத்துக்கு அவ்வளவு பெரிய குழிகூடத் தேவையில்லை. ஓர் உடைந்த சாக்கடைப் பலகையே போதும்.

சுரங்கப்பாதையின் வஞ்சகம்

தேங்கிய நீருள் மிகவும் ஆபத்தானது சுரங்கப்பாதை நீரே. காரணம் எளிது. சமதரைச் சாலையில் நீரின் ஆழம் மெல்ல மாறும். சுரங்கப்பாதையிலோ தரை கீழிறங்கிக்கொண்டே செல்லும். நீர்மட்டம் மட்டும் மாறாமல் நிற்கும். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரியும் பாதை என்று வைத்துக்கொண்டால், சக்கரம் முதலில் நனைந்த இடத்திலிருந்து இருபதே மீட்டரில் நீர் இடுப்பளவுக்கு மேலாகிவிடும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் அந்தத் தொலைவைக் கடக்க நான்கு வினாடிகள் போதும். சிந்தித்துத் திரும்ப அது போதாது. ஆதலால், நீர் நிற்கும் சுரங்கப்பாதைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் இறங்குவதில்லை என்பதை மாறாத விதியாகக் கொள்ள வேண்டும். தடுப்பு வைக்கப்பட்டிருந்தால் அதை விலக்கிச் செல்லக் கூடாது. தடுப்பு இல்லை என்பதற்காகப் பாதை பாதுகாப்பானது என்றும் எண்ணக் கூடாது.

புறப்படும் முன்னும் போகும் வழியிலும்

இந்திய வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களில் எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் தவிர்க்கக்கூடிய பயணத்தைத் தவிர்ப்பதே நன்று. மழைக்காலத்தில் எந்தெந்த நாட்களில் கடலேற்றம் நான்கரை மீட்டரைத் தாண்டும் என்னும் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடுகிறது. அதை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். வழியின் நிலையை அறியவோ உதவி கேட்கவோ மும்பை மாநகராட்சியின் பேரிடர் உதவி எண் 1916. நாடெங்கும் அவசர உதவிக்கு 112.

வழியில் நீரைக் கண்டால் முதலில் நிற்க வேண்டும். நடைபாதையின் ஓரக்கல் தெரிகிறதா என்று பார்க்கவும். ஓரக்கல் மறைந்திருந்தால் ஆழம் பெரும்பாலும் 15 சென்டிமீட்டருக்கு மேல். எதிரே வரும் கார்களின் சக்கர நடுப்பகுதி நீரில் மூழ்கினால் ஆழம் 30 சென்டிமீட்டரை எட்டிவிட்டது. அந்த அளவில் சிறிய காரோ ஆட்டோவோ ஸ்கூட்டரோ இறங்கலாகாது. பேருந்தும் லாரியும் கடந்து செல்வதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அவற்றின் உயரம் வேறு. அவை எழுப்பும் அலையே அருகில் உள்ள சிறிய வண்டியின் காற்றுக்குழாய்க்குள் நீரைச் செலுத்திவிடும்.

ஆழம் குறைவு என்று உறுதியாகத் தெரிந்து செல்லும்போதும், முதல் கியரில், மெதுவாக, ஒரே சீரான வேகத்தில் செல்ல வேண்டும். நடுவில் நிறுத்தவோ, முன்வண்டியை நெருங்கவோ வேண்டாம். முன்வண்டி நீரைக் கடந்து மேலேறிய பிறகே நீங்கள் இறங்குங்கள். கடந்து வந்ததும் பிரேக்கை மெல்லப் பலமுறை அழுத்தி, அது பிடிக்கிறதா என்று சோதித்த பின்னரே வேகம் கூட்ட வேண்டும். வண்டி நீரில் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர் தாழ்வாக உள்ளபோதே அனைவரும் இறங்கி மேட்டுக்குச் செல்லுங்கள்.

நீர்மட்டம் உயர்ந்து கதவு திறக்க மறுத்தால், செய்ய வேண்டியவை வரிசையாக நான்கு. இருக்கைப் பட்டையை விடுவிப்பது முதலாவது. பக்கக் கண்ணாடியை உடனே இறக்குவது இரண்டாவது. குழந்தைகளை முதலில் வெளியேற்றுவது மூன்றாவது. தாமும் வெளியேறுவது நான்காவது. கைப்பேசியில் உதவி கேட்பது வெளியே வந்த பிறகு செய்ய வேண்டிய செயல். கண்ணாடி இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலைப்பகுதியை உடைக்க வேண்டும். முன்கண்ணாடி இரு அடுக்குகளால் ஆனதால் எளிதில் உடையாது. கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியலை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பது சிறந்த காப்பு. பின்பெட்டியில் இருக்கும் சுத்தியல் எவரையும் காப்பதில்லை.

நீரில் நடக்க நேர்ந்தால் கையில் உள்ள குடையோ கழியோ கொண்டு தரையைத் தொட்டறிந்து நடக்க வேண்டும். மின்கம்பங்களை நெருங்கக் கூடாது. காலில் புண் உள்ளவர்கள் தேங்கிய நீரில் நடந்திருந்தால், காய்ச்சல் வரும் வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். எலிகளின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய், 2005 வெள்ளத்துக்குப் பின்னும் மும்பையில் பல உயிர்களைக் கொண்டுசென்றது.

காத்திருப்பதன் விலை, இறங்குவதன் விலை

‘இன்று ஓட்டாவிட்டால் இன்றைய வருமானம் போயிற்று’ என்பது வாடகை வண்டி ஓட்டுவோரின் நியாயமான கவலை. அதைக் கணக்காகவே பார்ப்போம். ஓர் ஓட்டுநரின் ஒரு நாள் வருமானம் 1,500 ரூபாய் என்று கொள்வோம். நீர் வடியும் வரை அரை நாள் காத்திருந்தால் இழப்பு 750 ரூபாய். நீரில் இறங்கி என்ஜின் பழுதாகி, அதற்கு 80,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், அது 53 நாள் வருமானம். பழுது நீங்கும் வரை வண்டி ஓடாத நாட்கள் தனி. கடன் தவணையோ, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், உரிய தேதியில் வந்து நிற்கும். அரை நாள் காத்திருப்பு நட்டமன்று. அதுவே அன்றைய நாளின் மிக மலிவான செலவு.

காப்பீடு எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும் என்பதையும் மழைக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு, உங்கள் வாகனத்துக்கு ஏற்படும் வெள்ளச் சேதத்தை ஈடுசெய்யாது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுமைக் காப்பீடே வெள்ளத்தால் வரும் சேதத்துக்குப் பொருந்தும். அதிலும், நீரில் நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்ததால் என்ஜினுக்கு வந்த கேட்டை, ‘தொடர்விளைவுச் சேதம்’ என்று கூறிக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ‘என்ஜின் பாதுகாப்பு’ என்னும் கூடுதல் காப்பைச் சிறிய தொகை செலுத்திச் சேர்த்துக்கொண்டால் இந்த இடைவெளி அடைபடும். உங்கள் பாலிசியில் அது உள்ளதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

சேதம் நேர்ந்தால், வண்டி நின்ற இடத்திலேயே நீர்மட்டம் தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் பழுது நீக்கத் தொடங்கலாகாது. வங்கிக் கடனில் வாங்கிய வாகனம் முற்றிலும் சேதமடைந்தால், இழப்பீட்டுத் தொகை முதலில் கடன் நிலுவைக்கே ஈடு செய்யப்படும். ஆதலால் உங்கள் கிளைக்கும் உடனே தெரிவியுங்கள்.

உயிருக்கான காப்பையும் மறக்கலாகாது. 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குதாரர் எவரும் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தால் மரணமோ முழுமையான ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். நீரில் மூழ்கி இறத்தல் போன்றவற்றில் காவல்துறையில் பதிவு செய்யப்பட்டிருப்பது அவசியம். இத்திட்டத்தின் ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்குகிறது. மும்பையின் மழையும் அந்த மாதத்தில்தான் தொடங்குகிறது. மே மாத இறுதியில் கணக்கில் போதிய இருப்பு இருக்கிறதா, வாரிசு நியமனம் செய்யப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது, கூரையில் தார்ப்பாய் விரிப்பதற்கு நிகரான ஆயத்தம்.

மூன்று உறுதிமொழிகள்

இவ்வளவையும் நினைவில் வைப்பது கடினம் என்று தோன்றினால், மூன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். ஓரக்கல் தெரியாத நீரில் இறங்குவதில்லை. நீர் நிற்கும் சுரங்கப்பாதைக்குள் செல்வதில்லை. நீரில் நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்வதில்லை. வீட்டில் வாகனம் ஓட்டும் ஒவ்வொருவரிடமும், குறிப்பாகப் புதிதாக ஸ்கூட்டர் ஓட்டத் தொடங்கியுள்ள பிள்ளைகளிடம், இவற்றை இன்று மாலையே பேசுங்கள்.

வீட்டில் காத்திருப்போரும் ஓர் உதவி செய்யலாம். மழைநாளில் ‘எப்போது வருவாய்?’ என்று மீண்டும் மீண்டும் அழைத்துக் கேட்பது, ஓட்டுபவரின் அவசரத்தைக் கூட்டும். ‘நீர் வடிந்த பிறகு வந்தால் போதும்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அவர் நின்று நிதானித்து வருவார். சாலையில் தேங்கிய நீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதுவரை மேடான ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு தேநீர் அருந்திக் காத்திருப்பதால் எந்தக் குடும்பமும் எதையும் இழந்துவிடுவதில்லை.